கீரியா, கீச்சானா?

3 நவம்பர் 2024, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

வீட்டில் ஒரு வாக்குவாதம். தோட்டத்துக் கிளுவை வேலியில் ஓணான் குஞ்சு ஒன்று முள்ளில் குத்தித் தொங்கியது. கீரி செய்த வேலை என்று நான் சொன்னேன். இல்லை, கீச்சான் குருவி என்கிறான் மகன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பாட்டுப் பறவை ஓணானைக் கொன்று முள்ளில் மாட்டுமா? கீரி பாம்பையே கடித்துக் குதறுகிற ஊனுண்ணி. அதற்கு முன்னால் இந்தக் குருவி ஒரு பொருட்டா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

3 நவம்பர் 2024, இரவு

மகன் சொன்னதுதான் சரி. கீரி பிடித்ததை அங்கேயே தின்னும், இல்லாவிட்டால் புதருக்குள் இழுத்துக்கொண்டு போகும். வேலி முள்ளில் மாட்டி வைக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஓணான், வெட்டுக்கிளி, எப்போதாவது ஒரு சுண்டெலி முள்ளில் தொங்கினால் அது கீச்சான் வேலை. எங்கள் பக்கம், காங்கேயத்துக் கொறங்காடுகளில், அதாவது முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில், ஆடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ஒரு பொருட்டா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். நம் ஊர்ச் சாம்பல் கீரி ஒன்று, ஒன்றரைக் கிலோ இருக்கும். கீச்சான், இனத்துக்கு ஏற்ப 20, 30 கிராம். ஐம்பது மடங்கு வித்தியாசம். நேருக்கு நேர் நிறுத்தினால் போட்டியே இல்லை, கீச்சான் பறந்துவிடும், கீரி மண்ணை மோந்துகொண்டு போய்விடும். அவரவர் எடைக்கு யார் எவ்வளவு பெரிய இரையைச் சாய்க்கிறார் என்று பார்த்தால்தான் கதை சுவாரசியம் ஆகிறது. தன் எடை அளவே உள்ள எலியைக் கொல்கிற கீச்சான்கள் உண்டு. கீரி ஒன்றரைக் கிலோ இரையைத் தேடிப் போவதை நான் பார்த்ததில்லை. பெருச்சாளியோடு அதன் துணிச்சல் முடிந்துவிடும், மீதி நாளெல்லாம் வண்டு, பல்லி, முட்டை, உதிர்ந்த பழம்.

4 நவம்பர் 2024

"ஓணான் தின்னும் பறவையைப் பாட்டுப் பறவை என்று எப்படிச் சொல்வது, பருந்து வகையில் சேர்க்க வேண்டாமா" என்று ஒருவர் கேட்கிறார்.

சேர்க்க முடியாது. குரல் இனிமையைப் பார்த்தா கூட்டம் பிரிக்கிறார்கள்? குரலுறுப்பின் தசை, கால்விரல், மரபணு எல்லாம் பார்த்துத்தான். அந்தக் கணக்கில் நம் காகம் பாட்டுப் பறவை. குயில் பாட்டுப் பறவை இல்லை! மேடைக்கு எதிரே உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியலாம். கீச்சான் குடும்பம் காகக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. பருந்துக்கும் அதற்கும் பறவை என்பதைத் தாண்டி ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கீரியிலும் இதே மாதிரி ஒரு வேடிக்கை. முகத்தைப் பார்த்துப் பலர் எலி, அணில் வகை என்று நினைக்கிறார்கள். அது ஊனுண்ணி வரிசை, அதிலும் பூனைப் பக்கம். கழுதைப்புலி அதற்குப் பங்காளி. நாய் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

6 நவம்பர் 2024

முள் விஷயத்தை விரிவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

கீரியின் உடம்பை ஒரு முறை பாருங்கள். மழுங்காத நீள நகம், தோண்டுவதற்கு. முன்னங்காலால் இரையை அமுக்கிக்கொள்ளும். தாடையில் வெட்டுப்பல், கோரைப்பல், சதையைக் கத்தரிக்கிற கடைவாய்ப்பல். மூக்கு மோப்பம் பிடிக்கும், கண் பகலில் நன்றாகத் தெரியும், கண்பாப்பா படுக்கைவசமாக நீண்டிருக்கும். பிடிப்பது, அமுக்குவது, கொல்வது, கிழிப்பது எல்லாவற்றுக்கும் வேண்டிய கருவி உடம்பிலேயே இருக்கிறது.

கீச்சானின் கால் அப்படி இல்லை. மற்ற பாட்டுப் பறவைகளைப் போல அதுவும் கிளையைப் பற்றி உட்காருவதற்கு ஏற்ற கால். பருந்து ஓணானைக் காலால் அழுத்திக்கொண்டு அலகால் கிழிக்கும். கீச்சானுக்கு அந்தப் பலம் கிடையாது. ஓணானைப் பிடித்தாயிற்று, கொன்றாயிற்று, அலகில் தொங்குகிறது, இப்போது எதில் வைத்துக் கிழிப்பது? இங்கேதான் முள் வருகிறது. இரையை முள்ளில் குத்தி, அல்லது கவைக்கிளையில் சொருகி, அது நகராமல் இருக்கிறபோது அலகால் இழுத்து இழுத்துப் பிய்க்கும். கசாப்புக் கடைக் கொக்கி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்துக்கு அறிவியலில் வைத்த பெயரும் லத்தீனில் கசாப்புக்காரன் என்றுதான் அர்த்தம்.

அலகு மட்டும் பாட்டுப் பறவைக்குரியது மாதிரி இருக்காது. மேலலகின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும், நுனிக்குச் சற்று உள்ளே இரண்டு பக்கமும் ஒரு கூர் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வல்லூறு இனத்துக்கும் இதே அமைப்பு உண்டு. இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்த இடம் அது. இரையின் பிடரியில் அந்தக் கூரை இறக்கினால் தண்டுவடம் போய்விடும்.

எங்கள் காட்டில் கிளுவை வேலி இருக்கிறது, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். கொறங்காடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காங்கேயம் மாடு மேய்வதற்கு என்றே விட்டிருக்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. ஆடு தாண்டாமல் இருப்பதற்கு வைத்த வேலிதான், ஆனால் கீச்சானுக்குச் சமையல்கட்டு ஆகிவிட்டது. வேலியின் மேல்கிளையில் உட்கார்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவசரமே இருக்காது. சட்டென்று இறங்கும், எதையாவது கவ்விக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பும். கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சான் எங்களிடம் வருஷம் முழுக்க இருக்கிறது. பழுப்புக் கீச்சான் குளிர்கால விருந்தாளி.

6 நவம்பர் 2024, சற்றுப் பொறுத்து

"சைவ வீடு, வேலியில் ஓணான் தொங்குவது சரியில்லை, என்ன செய்யலாம்" என்று தனியாகக் கேட்டவருக்கு: ஒன்றும் செய்ய வேண்டாம். அதுவே வந்து சாப்பிட்டுவிடும். இல்லாவிட்டால் எறும்பு முடித்துவிடும்.

9 நவம்பர் 2024

பாம்பு வந்தே தீரும் என்று தெரியும். கீரியைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் பத்து நிமிஷத்தில் பாம்பு வந்துவிடும்.

"கீரிக்கு விஷம் ஏறாது, கீச்சானுக்கு அந்த வரம் உண்டா?" இதில் முதல் பாதியைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நல்ல பாம்பின் விஷத்தில் நரம்பைத் தாக்குகிற பொருள், தசையில் நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்கிற அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும், தசை செயலிழக்கும். கீரியின் ஏற்பியில் அந்த இடத்தின் அமைப்பு மாறியிருக்கிறது, அதனால் விஷம் சரியாக ஒட்டுவதில்லை. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1992 இல் இதை விளக்கிக் காட்டினார்கள். பாம்பின் உடம்பிலும் அதன் விஷம் அதையே கொல்லாமல் இருக்க இதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் இது தாங்கும் சக்தி. சாகாவரம் கிடையாது. அளவு மிஞ்சினால் கீரியும் போய்விடும். கண்ணாடி விரியனின் விஷம் பெரும்பாலும் இரத்தத்தையும் திசுவையும் தாக்குகிற வகை, அதற்கு இந்த ஏற்பி மாற்றம் உதவாது. கீரி பிழைப்பது பாதிக்கு மேல் வேகத்தால், சிலிர்த்துக்கொள்ளும் முரட்டு முடியால், பாம்பைக் களைப்பாக்கும் பொறுமையால். மூலிகை தேடித் தின்றுவிட்டு வரும் என்பதெல்லாம் பாம்பாட்டி காலத்துக் கதை. எங்கள் அப்புச்சியும் அதைச் சொல்வார், எந்த மூலிகை என்று கேட்டால் மட்டும் "அது கீரிக்குத்தான்டா தெரியும்" என்பார்.

கீச்சானுக்கு அந்த ஏற்பாடு வேண்டியதில்லை. விஷம் உள்ள இரையை அது வேறு வழியில் சமாளிக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

10 நவம்பர் 2024

கீச்சானைப் பற்றி நம் இலக்கியத்தில் உண்டா என்று ஒருவர். எனக்குக் கண்ணில் பட்டதில்லை. கீரிக்கு இருக்கிறது. சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில், பிள்ளையைக் காத்த கீரியைக் கொன்றுவிட்ட பார்ப்பனி கதை வரும். கணவன் அவளை விட்டுப் போய்விடுவான், கோவலன் பொருள் கொடுத்து உதவுவான். பாம்பைக் கொன்று வாயெல்லாம் இரத்தத்தோடு கீரி வர, பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று அவள் நினைக்கிற அந்தக் கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கேட்டிருப்போம்.

ஆக, கீரிக்கு இரண்டாயிரம் வருஷ விளம்பரம். கீச்சானுக்கு ஒரு பழமொழி கூட இல்லை. நீங்கள் முதலில் கீரியைச் சந்தேகப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

16 நவம்பர் 2024

"ஒன்றரைக் கிலோவையும் முப்பது கிராமையும் ஒப்பிடுவது அழுகுணி ஆட்டம். சிறிய ஊனுண்ணியாக எடுங்கள்" என்று ஒரு நண்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். சரி, எடுப்போம். உலகத்திலேயே சிறிய ஊனுண்ணி வரிசைப் பாலூட்டி, வடக்கு நாடுகளில் வாழ்கிற குட்டி வீசல். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா. நம் பக்கம் கிடையாது. அதில் மிகச் சிறிய பெண் விலங்குகள் 30 கிராம் அளவில்கூட இருக்கும். பழுப்புக் கீச்சானின் எடையும் ஏறக்குறைய அதே. இப்போது ஆட்டம் சமம்.

இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி நடந்துகொள்கின்றன. வீசல் எலியின் பிடரியில், மண்டையோடு கழுத்து சேருகிற இடத்தில் கடிக்கும். கீச்சானும் அங்கேதான். வீசல் தின்ன முடிகிறதை விட அதிகமாகக் கொன்று வளையில் சேர்த்து வைக்கும். கீச்சான் முள்ளில் சேர்த்து வைக்கும். இரண்டுக்கும் உடம்பு சின்னது, சூடு சீக்கிரம் போய்விடும், வயிறு காய விடக் கூடாது. கிடைக்கிறபோது பிடித்து வை, நாளைக்கு மழை பெய்தால் என்ன செய்வாய் என்கிற கணக்கு.

வித்தியாசம் எங்கே என்றால், வீசல் எலி வளைக்குள்ளேயே நுழைந்து போகும். அந்த ஒல்லி உடம்பே அதற்காகத்தான். எலிக்கு ஓட இடம் கிடையாது. கீச்சான் வெளியே, வெட்டவெளியில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தே பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா கடலோரத்தில் சான் கிளமெண்டே தீவில் வளர்ப்பில் இருந்த கீச்சான்களை வேகக் காமெராவில் படம் எடுத்துப் பார்த்தார்கள், 2018 இல் வெளிவந்தது. எலியின் கழுத்தைக் கவ்வியதும் கீச்சான் தலையை இடமும் வலமும் உதறுகிறது, வினாடிக்குச் சுமார் 11 முறை. எலியின் உடம்பு புவியீர்ப்பைப் போல 6 மடங்கு முடுக்கத்தில் சுழல்கிறது. எலியின் சொந்த எடையே அதன் கழுத்துக்கு எதிரியாகிவிடுகிறது. இரை கனமாக இருந்தால் கீச்சானுக்குத் தொந்தரவு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த வித்தையில் கனம் அதன் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

நாய் எலியைப் பிடித்து உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். கீரியும் பாம்பைக் கவ்வி உதறும். ஆனால் முப்பது, நாற்பது கிராமில் இதைச் செய்வதற்கு வேறு தைரியம் வேண்டும்.

17 நவம்பர் 2024

முள்ளையும் கீரியின் உடம்பையும் ஒப்பிட்டு முன்பு எழுதியதைப் படித்துவிட்டு "கீரி உடம்புக்கு வெளியே ஒரு கருவியும் எடுத்துக்கொள்ளாது என்கிறீர்களா" என்று மடக்கியிருக்கிறார் இன்னொருவர். அப்படி முழுசாகச் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் வரிக்கீரி முட்டையையும் சுருண்டுகொண்ட மரவட்டையையும் முன்னங்கையால் எடுத்து, பின்னங்கால்களுக்கு இடையே பின்பக்கமாகக் கல்லில் வீசி உடைக்கும். கிரிக்கெட்டில் பந்தைப் பின்னால் தள்ளி விடுவார்களே, அந்தக் கோணம். அப்படியானால் கல் அதன் கருவிதான். ஆனாலும் கல் கிடைக்காவிட்டால் கீரி பட்டினி கிடக்காது, வேறு எதையாவது தின்னும். முள்ளோ கவைக்கிளையோ இல்லாவிட்டால் கீச்சானால் பெரிய இரையைக் கையாள முடியாது. அந்த அளவில் என் கட்சி நிற்கிறது.

24 நவம்பர் 2024

விஷ இரை பாக்கி இருந்தது.

அமெரிக்காவின் புளோரிடாவில் பெரிய, பறக்காத வெட்டுக்கிளி ஒன்று உண்டு. உடம்பெல்லாம் நச்சு. பல்லியும் மற்ற பறவைகளும் தின்றால் கக்கிவிடும். அங்குள்ள கீச்சான் அதைப் பிடித்து முள்ளில் குத்திவிட்டு ஒன்றிரண்டு நாள் அப்படியே விட்டுவிடுகிறது. நச்சு சிதைந்த பிறகு வந்து தின்கிறது. 1992 இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பார்த்தீர்களா, கீரி விஷத்தைத் தன் உடம்பின் மாற்றத்தால் தாங்குகிறது, கீச்சான் காத்திருந்து தாங்குகிறது. எனக்கு இந்த ஒப்பீடு முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி இருக்குமே, எருக்கம்பாலின் நச்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வது, அதை எங்கள் கீச்சான் தொட்டு நான் பார்த்ததில்லை. வேறு வெட்டுக்கிளிக்கு இங்கே பஞ்சமே இல்லை, அதனால் மெனக்கெடவில்லையோ என்னவோ.

அப்புறம், முள் களஞ்சியத்துக்கு இன்னொரு உபயோகம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் சாம்பல் கீச்சான்களை வைத்து 1989 இல் ஒரு ஆய்வு வந்தது. ஆண் பறவை இனப்பெருக்க காலத்துக்கு முன்பு முள்ளில் நிறையச் சேர்க்கிறது. தின்பதோடு இறகு, துணிக்கிழிசல் மாதிரி தின்ன முடியாததையும் மாட்டி வைக்கிறது. ஆய்வாளர்கள் சில ஆண்களின் சரக்கை எடுத்துவிட்டார்கள், சிலருக்குக் கூடுதலாக மாட்டினார்கள். சரக்கு அதிகம் உள்ள ஆணுக்குச் சீக்கிரம் ஜோடி கிடைத்தது. பறிகொடுத்தவனை விட்டுப் பெண்கள் வேறு எல்லைக்குப் போய்விட்டன. காடு கரை எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பெண் கொடுப்பது எங்கள் பக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கீரிக்கு இப்படிக் காட்டிக்கொள்கிற சொத்து கிடையாது. மணம்தான். வால் அடியில் உள்ள சுரப்பியால் கல்லிலும் கட்டையிலும் தேய்த்துவிட்டுப் போகும். யார், எப்போது போனார் என்பதெல்லாம் அடுத்த கீரிக்கு அதில் தெரிந்துவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது.

25 நவம்பர் 2024

பாட்டைப் பற்றி யாருமே கேட்கவில்லையே! பாட்டுப் பறவை என்று சொல்லிவிட்டு அதை விட்டுவிட்டால் எப்படி.

கீச்சானின் வழக்கமான சத்தம் கரகரப்பு. தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம் என்று வீட்டில் திட்டுவார்கள். ஆனால் தனியாக, மெல்ல, தனக்குத்தானே பாடும்போது கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மற்ற பறவைகளின் குரலை எடுத்து எடுத்துக் கோக்கும். ஆட்காட்டியின் குரல் வரும், அணில் வரும், நாய்க்குட்டி முனகுவது வரும். ஆட்காட்டி கத்துகிறதே என்று கிணற்று மேட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேலியில் இது உட்கார்ந்திருக்கும்.

கீரி வந்தால் தோட்டமே சொல்லிக்கொடுத்துவிடும். தவிட்டுக்குருவிக் கூட்டம் புதருக்கு மேலே நின்று கத்தும், கரிச்சான் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து விரட்டும், அணில் வாலை ஆட்டிக்கொண்டே கீச்சிடும். கீரி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாது. கீச்சான் கிளையில் உட்கார்ந்தால் இவ்வளவு ரகளை இருக்காது, ஆனால் தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு வைத்திருந்தால் சும்மா இருக்காது. அவர்களுக்கு யார் யார் என்று நம்மை விட நன்றாகத் தெரியும்.

8 டிசம்பர் 2024

"கீரியை வளர்த்தால் எலி, பாம்பு இரண்டும் ஒழியும், தோட்டத்துக்கு நல்லதுதானே" என்ற கேள்விக்கு.

வளர்க்கக் கூடாது, சட்டம் விடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி இருக்கிறது. தானாக வந்து போவது வேறு.

ஆனால் இதே யோசனையில் உலகம் எவ்வளவு அடி வாங்கியது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1872 இல் ஜமைக்காவில் எஸ்புட் என்ற கரும்புத் தோட்டக்காரர் எலியை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளை வரவழைத்தார். நம் சாம்பல் கீரியை விடச் சிறிய இனம் அது. பெருகியது, பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். 1883 இல் ஜமைக்காவிலிருந்தே ஹவாய்க்கு 72 போயின. எலி பெரும்பாலும் இரவில் நடமாடும், கீரி பகலில். கீரிக்கு எலியை விடச் சுலபமாகக் கிடைத்தவை தரையில் கூடு வைக்கிற பறவைகள், பல்லிகள், ஆமை முட்டைகள். ஹவாயின் நேனே வாத்துக்கு இன்றைக்கும் அது எதிரி.

ஜப்பானில் இன்னும் தாமதமாக, 1979 இல், அமாமி ஓஷிமா தீவில் சுமார் 30 கீரிகளை விட்டார்கள். ஹாபு என்ற விரியன் வகைப் பாம்பைக் கட்டுப்படுத்த. ஹாபு இரவில் வரும். கீரி, இந்தத் தீவையும் பக்கத்து டோகுனோஷிமா தீவையும் தவிர வேறு எங்கும் இல்லாத அமாமி முயலைத் தின்ன ஆரம்பித்தது. பிறகு பொறி, மோப்ப நாய், இதற்கென்றே ஒரு படை, இத்தனையும் வைத்துப் பிடித்து, 2024 செப்டம்பரில்தான் தீவில் கீரி ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். விட்டது ஒரு நாள் வேலை, எடுத்தது 45 வருஷம்.

கீச்சானை யாரும் கூண்டில் வைத்து எலி பிடிக்கக் கடல் தாண்டி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. பழுப்புக் கீச்சான் தானே வருகிறது, சைபீரியா, மங்கோலியா, சீனாவின் வடகிழக்கிலிருந்து, 30 கிராம் உடம்போடு. செப்டம்பர் வாக்கில் வரும், ஏப்ரல் வரை இருக்கும். வந்ததும் தனக்கென்று ஒரு துண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அண்டவிடாது. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எனக்கும் பங்காளிக்கும் பட்டா தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது, அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

9 டிசம்பர் 2024

பட்டா ஆலோசனை அனுப்பிய மூன்று பேருக்கும் நன்றி. வக்கீல் இருக்கிறார்.

12 ஜனவரி 2025

கோழிக்குஞ்சு போகிறது, கீரிதான், என்ன வைக்கலாம் என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். எதையும் "வைக்க" வேண்டாம். முதலில் எப்போது போகிறது என்று பாருங்கள். பட்டப்பகலில், வேலியோரமாக மேயும்போது போனால் கீரியாக இருக்கலாம், வல்லூறாகவும் இருக்கலாம். இரவில் கூட்டுக்குள்ளிருந்தே போனால் கீரியைச் சந்தேகப்படாதீர்கள், அது இரவில் வளையில் தூங்கும். மரநாய், காட்டுப்பூனை, சில சமயம் பக்கத்து வீட்டுப் பூனை. குஞ்சுகளை ஒரு மாதம் வரை பஞ்சாரத்துக்குள் வைத்து, பஞ்சாரத்தின் மேல் ஒரு கல் வையுங்கள். தரையோரம் சின்னக் கண் வலை அடியுங்கள், ஒரு சாண் மண்ணுக்குள் இறங்க வேண்டும், கீரி தோண்டும்.

கீச்சான் கோழிக்குஞ்சைத் தூக்குமா என்று ஒருவர். தூக்காது ஐயா.

கீரிக்கு நம்மால் வருகிற ஆபத்து கோழிக்காரர்களோடு முடிவதில்லை. ஓவியத் தூரிகைக்கு அதன் முடிக்கு இன்னும் கிராக்கி. ஒரு உடம்பிலிருந்து கிடைப்பது கொஞ்சம் முடி, அதனால் நிறையக் கொல்கிறார்கள். 2019 இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு இதற்கென்றே நாடு முழுக்கச் சோதனை நடத்தியது. பிள்ளைகளுக்குப் படம் வரையத் தூரிகை வாங்குகிறவர்கள், சாம்பலும் கறுப்பும் கலந்து வரிவரியாக முடி இருந்தால் வாங்காதீர்கள். நைலான் முடித் தூரிகை போதும்.

2 மார்ச் 2025

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "கடைசியில் யார்தான் பெரிய வேட்டைக்காரன், ஒரே வரியில் சொல்லுங்கள், மகனுக்கும் எனக்கும் பந்தயம்."

கீச்சான். எடைக்கு எடை பார்த்தால் அதுதான். மகனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் ஒரே வரி கேட்டாலும் எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. கீரியை எங்கே விட்டாலும் பிழைக்கும், ஜமைக்காவே சாட்சி. வயல், குப்பைமேடு, ரயில்பாதையோரம், நகரத்துக் கால்வாய், எல்லா இடத்திலும் இருக்கிறது. கீச்சான் அப்படி இல்லை. உட்கார உயரமான ஒரு கிளை, கீழே குட்டையான புல், பக்கத்தில் முள், மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். கொறங்காட்டில் அது மூன்றும் ஒன்றாக இருந்தது. இப்போது எங்கள் ஊரில் பாதிக் காடு மனையாகிவிட்டது, மீதியில் பலர் கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள்.

2 மார்ச் 2025, மாலை

"முள்கம்பியிலும் குத்தி வைக்குமே" என்று உடனே எழுதியிருக்கிறீர்கள். வைக்கும், நானே பார்த்திருக்கிறேன், கம்பி முள்ளில் தத்துக்கிளி காய்ந்து கிடக்கும். ஆனால் கம்பியில் கூடு கட்ட முடியாதே. வருஷம் முழுக்க இருக்கிற கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சானுக்கு முள்மரம் வேண்டும், கவையில் கிண்ணம் மாதிரிக் கூடு வைத்து மூன்று, நான்கு முட்டை இடும். விருந்தாளிப் பழுப்புக் கீச்சானுக்குக் கம்பி போதும், அது இங்கே கூடு வைப்பதில்லை. கம்பி வேலி போட்ட காடுகளில் குளிர்காலத்தில் கீச்சான் தென்படுவதும் கோடையில் காணாமல் போவதும் இதனால்தான் என்பது என் அனுமானம்.

கீரிக்கும் கிளுவை வேலி வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு: அடிப்பகுதியில் வளை தோண்ட, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மறைந்து போக. அது போனால் கல்குவியலுக்கு மாறிக்கொள்ளும்.

கிளுவைக்குச்சி எப்போது நடுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கைப்பருமன் குச்சி, இடுப்புயரம், மழைக்கு முன்னால் வெட்டி நிழலில் சில நாள் வாட விட்டு, ஒரு சாண் ஆழத்தில் நெருக்கமாக நடுங்கள். பால் காயாமல் நட்டால் அழுகும். முதல் வருஷம் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குச்சி வேண்டுமென்றால் எங்கள் வேலியில் வந்து வெட்டிக்கொள்ளலாம், பங்காளி பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.